இருபத்தாறுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில்

கிராணி ஐயா,

ஐயா என்று எழுதுவது பழக்க தோஷம். மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று உங்கள் மகன் ஈப்போவிலிருந்து கார் போட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கே வந்து ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதாம், அதற்காக உங்கள் கதைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து அச்சடித்திருக்கிறார்களாம். திறந்ததும் அச்சு மையும் அந்துருண்டையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் தோட்டத்துக் கணக்கு எழுதிய ஆபீஸ் அலமாரியின் அதே வாடை. கையில் தூக்கிப் பார்த்தேன். இருபது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து சுமக்கிற கை, எடை தப்பாது. ஒரு கிலோ தாராளமாக இருக்கும். ஈரம், முற்றல் என்று எங்கள் கூடையில் நீங்கள் கழிப்பீர்களே, அதே மாதிரி கழித்தால் மிஞ்சுவது ஒரு பிடி.

காலையில் எங்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுத்தீர்கள், சாயங்காலம் செவ்வாய்க்கு ராக்கெட் விட்டீர்கள். மலேசியத் தமிழில் விஞ்ஞானக் கதைக்கு உங்களை விட்டால் ஆளில்லை என்று முன்னுரையில் யாரோ எழுதியிருக்கிறார். பாவம், அவர் உங்கள் பெரட்டைப் பார்த்ததில்லை. விடிகிற நேரத்துப் பனியில் பல் கிட்டிக்க நாங்கள் களத்தில் நிற்போம். நீங்கள் கம்பளிக் குல்லாவும் ஸ்வெட்டருமாக வந்து, செக்ரோல் பதிவேட்டைப் பிரித்து, நம்பர் நம்பராகக் கூப்பிடுவீர்கள். எங்கள் பேரெல்லாம் நம்பருக்குப் பக்கத்திலேயே உங்கள் கையாலேயே எழுதியிருக்கும். ஆனாலும் ஒரு நாள்கூட ஒருத்தர் பேரும் உங்கள் வாயில் வந்ததில்லை. நான் இருபத்தேழு.

உங்கள் கையெழுத்து மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதனால்தான் கோலாலம்பூர் பத்திரிகைக்காரர்கள் கதையைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள். லயத்தில் யாருக்கு ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன். அது உங்கள் காதுக்கு எட்டி, எடை போடும் இடத்தில் வைத்துச் சொன்னீர்கள்.

"ஒன் கையெழுத்து நல்லாருக்காமே. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பக்கம் வா, ஒரு வேலை இருக்கு."

ஆறு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். உங்கள் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து, உங்கள் மண்புழுக்களைப் பிடித்து வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். உங்களுக்குக் கண்ணாடிக் கிளாசில் பால் தேநீர் வரும், எனக்கு விளிம்பு பெயர்ந்த தகர மங்கில் கடுந்தேநீர் வரும். உங்கள் கதையில் எத்தனை கிரகம் தாண்டினாலும் அந்த மங்கு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

அடேயப்பா, என்ன விஞ்ஞானம் அது! செவ்வாயில் இறங்குகிறவன் முதல் வேலையாகக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொள்வான். ஏனென்றால் நமது மலையில் குளிரும். மழை என்றால் ராக்கெட் புறப்படாது, ஏனென்றால் மலையிலிருந்து இறங்குகிற தாப்பா ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோகும். விண்வெளிக் கப்பலில்கூட வேலைக்காரர்களுக்கு லயம், தலைவருக்குப் பங்களா. ஆயிரம் வருஷம் கழித்து நடக்கிற கதை என்று முதல் வரியில் எழுதுவீர்கள். அடுத்த பக்கத்தில் விடியும், உடனே பெரட்டு. பூமியை விட்டே போக முடிந்த உங்களால் பெரட்டை விட்டுப் போக முடியவில்லை. ஒரு தடவை கதாநாயகன் கப்பலின் ஜன்னலைத் திறந்து சிகரெட் பிடித்தான்.

"காத்தே இல்லாத எடத்துல ஜன்னலத் தொறந்தா உள்ள இருக்கிறவன் கதி என்னாவுறது கிராணி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் விஞ்ஞானம். ஒனக்குப் புரியாது லா. உள்ளத உள்ளபடி எழுது."

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, சிகரெட்டையும் பிடுங்கிவிட்டுத்தான் எழுதினேன். நீங்கள் கவனிக்கவே இல்லை. எழுதி முடித்ததும் உறையில் போட்டு ஒட்டி, தானா ராத்தா தபாலாபீஸ் பக்கம் போகிற லோரிக்காரரிடம் கொடுக்கச் சொல்வீர்கள். தான் எழுதியதைத் தானே இன்னொரு தடவை படிக்கப் பொறுமையில்லாத ஆள், ஊரார் படிக்க வேண்டும் என்று மட்டும் ஆசைப்பட்டீர்கள்.

பிறகு அந்தச் செவ்வாய்த் தோட்டத்துக் கதை வந்தது. அங்கே யந்திரப் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள். தலைவர் பெரட்டு எடுக்கிறார், வேறென்ன. முடிவில் ஒரு யந்திரம் பழுதாகி நின்றுவிட, தலைவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு, அதை உருக்கி வேறு யந்திரம் செய்யச் சொல்கிறார். அந்த யந்திரத்தின் நம்பர் இருபத்தேழு. எதிரே உட்கார்ந்து எழுதப்போகிறவளின் நம்பர் என்பதுகூட உங்களுக்கு உறைக்கவில்லை. வாயில் வந்த எண்ணைப் போட்டிருந்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேனாவை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கடைசி அரைப் பக்கத்தை நானே எழுதினேன்.

என் முடிவில் தலைவர் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். "எனக்குப் பேர் இருக்கிறது. அதைச் சொன்னால் வருகிறேன்" என்கிறது யந்திரம். தலைவருக்குப் பேர் தெரியாது. பதிவேட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடுகிறார், எண்கள்தான் இருக்கின்றன. செம்புழுதியில் அவர் தேடிக்கொண்டே நிற்பதோடு கதை முடிகிறது.

ஞாயிறு பதிப்பில் அது வந்ததும் வாசகர் கடிதங்கள் குவிந்தன. முடிவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். எங்கள் லயத்திலும் ஒருவர் சத்தமாகப் படிக்க, கொழுந்து எடுக்கிற பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். என்னைத் திட்டுவீர்கள், போகட்டும், குறைந்தது 'நீயா எழுதினாய்' என்றாவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வாயே திறக்கவில்லை. கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மறு வாரம் பத்திரிகையில் உங்கள் படமும் பேச்சும் வந்தன. "அந்த முடிவு, ஒரு நாள் பனியில் பெரட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது எனக்குள் மின்னலாய்த் தோன்றியது" என்று பேசியிருந்தீர்கள். மின்னலாம்! வெட்கம் கெட்ட பேச்சு.

அடுத்த நாள் விடிந்தது. நீங்கள் செக்ரோலைப் பிரித்தீர்கள்.

"இருபத்தாறு!"

"இருக்கேன் கிராணி."

"இருபத்தேழு!"

நான் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டேன்.

"இருபத்தேழு! என்ன, காது அடைச்சிருச்சா?"

"இந்தா நிக்கிறாளே கிராணி" என்றார் கங்காணி.

"எனக்குப் பேர் இருக்கு கிராணி. அதக் கூப்புடுங்க, வர்றேன்."

"அய்யய்யோ, கதையில வந்த மாதிரியே பேசுறா லா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். களம் முழுக்கச் சிரிப்பு பரவியது. உங்கள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமானது. கதையில் வரும் தலைவருக்காவது பேர் தெரியாது. உங்களுக்கு என்ன கேடு? கண்ணுக்கு நேரே எழுதியிருந்ததே, வாசித்தால் போதுமே. நீங்கள் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தீர்கள், உதடுகூட அசைந்தது. பிறகு நான் வேலைக்கு வரவில்லை என்று குறித்துவிட்டு, "இருபத்தெட்டு!" என்றீர்கள்.

அன்று என் கணக்கில் எடை ஏறாது என்பதால், எடுத்த கொழுந்தை மாமியார் கூடையில் கொட்டினேன். அத்தோடு உங்கள் வராந்தாவும் மங்கும் முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த உங்கள் மூன்று புத்தகங்களையும் பார்த்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்ததை அச்சகத்தார் உள்ளபடி அச்சடித்திருந்தார்கள். ஜன்னல் திரும்பவும் திறந்துகொண்டது, உள்ளே ஆனந்தமாக ஒருவன் புகைத்துக்கொண்டிருந்தான். கோயில் திருவிழாவில் மேசை போட்டு, வீட்டுக்கு ஒன்று என்று லயத்துக்காரர்கள் தலையில் கட்டினீர்கள். எங்கள் வீட்டில் ஆடுகிற அலமாரிக் காலுக்கு அது சரியாகப் பொருந்தியது. அந்த உபகாரத்தை மறைக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. களம் சிரித்ததற்கு மறு நாள் பெரட்டில் நீங்கள் இருபத்தாறு என்றீர்கள். நிறுத்தினீர்கள். என்னைப் பார்த்து, வந்ததாக ஒரு கோடு போட்டுக்கொண்டு இருபத்தெட்டுக்குப் போனீர்கள். நீங்கள் வேலையை விட்டு இறங்கும்வரை ஒன்பது வருஷம், தினமும் அப்படித்தான். நம்பரைச் சொல்லத் தைரியம் இல்லை, பேரைச் சொல்ல மனம் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்த இடம் சும்மா இருக்கும். எனக்கு அதில் ஜெயித்த திமிரும் இருந்தது, தோற்ற வயிற்றெரிச்சலும் இருந்தது. இப்போது பெரட்டு எடுக்கிற புதுக் கிராணி எல்லோரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். ஆனாலும் என் முறை வருவதற்கு முன்னால் காது அந்த மூச்சுக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் பனி விலகியிருந்தால், செவ்வாய் என்று நீங்கள் காட்டிய நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் விட்டுப் போகவில்லை. அது செவ்வாய்தானோ, அதுவும் உங்கள் விஞ்ஞானந்தானோ.

இன்று புத்தகத்தை முழுக்கப் புரட்டினேன். என் அரைப் பக்கம் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தேன். அங்கே ஒரே ஒரு சொல்.

"இருபத்தேழுக்கு."

உங்கள் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். சாவதற்கு முன்னால் நீங்கள் எழுதி வைத்ததாம். அவர் அது ஏதோ விண்மீன் கணக்கு என்று நினைத்திருந்தாராம். வீட்டு அடையாளம் மட்டும் சொல்லி என்னிடம் எதற்குக் கொடுக்கச் சொன்னீர்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. சீ, என்ன மனுஷன் நீங்கள்! செத்தும் சொல்லவில்லையே. அப்படியும் கொஞ்சம் அழுதேன். அது உங்களுக்காக இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு பேனாவை எடுத்து அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தேன். நீங்கள் ஆறு வருஷம் ஓசியில் வாங்கிய அதே கையெழுத்தில், அதன் மேலே எழுதினேன்.

தனபாக்கியம்.

இனி இந்தப் புத்தகத்தைத் திறக்கிறவர்கள் என் பேரைச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் செவ்வாய்க்குப் போக வேண்டும்.