தேர்வு முடிவு நாளில் அந்தப் படம் மீண்டும் வராதிருக்க வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பெண்கள் பள்ளிக்கு எதிர்வரிசை, மாடி வீடு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பத்திரிகை முறையீட்டுக் குழு.

பொருள்: மாணவியின் தற்கொலைச் செய்தியைச் சிறப்புப் பக்கமாக மறுபடி வெளியிடாமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி போன மாதம் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். உள்ளூர் நாளிதழ் அவள் படத்தைப் பல நாள் தொடர்ந்து முதல் பக்கத்தில் போட்டது. “தேர்வுக்காக உதிர்ந்த மலர்” என்பது தலைப்பு. எப்படி இறந்தாள் என்றும் விளக்கியது. அந்த விவரத்தை இம்மனுவில் எழுத மாட்டேன். இந்த உறையைப் பிரிப்பவரின் வீட்டில் என்ன துயரமோ, நான் அறியேன்.

2. தேர்வு மட்டுமே காரணமல்ல. மகள் வெகுநாளாக மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றதை அவள் தாயே நிருபரிடம் சொன்னார். அது அச்சில் வரவில்லை. இம்மனுவை எழுதச் சொன்னவரும் அந்தத் தாய்தான்.

3. அந்தப் படத்தில் அவள் தோள்மேல் ஒரு கை தெரியும். முகத்தை வெட்டிவிட்டார்கள்; அந்தக் கைக்கு உரியவள் அவளுடைய வகுப்புத் தோழி, எங்கள் வீட்டில் இருக்கும் என் தங்கை மகள். துணி மடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: “இருந்தப்ப அவளை யாரும் கண்டுக்கல பெரியம்மா. இப்ப ஊரே அவளைப் பத்திதான் பேசுது.” உனக்கும் உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அழுதாள். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இப்போது தேறி வருகிறாள்.

4. ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். காலை அணிவகுப்பில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்து, நாங்கள் பதறிக் கூட்டம் கூட்டினால், சற்று நேரத்தில் இன்னொன்று விழும். அது நடிப்பல்ல, ஏற்கெனவே தளர்ந்திருந்த பிள்ளைதான் விழும். அதனால் சத்தமின்றி நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் கொடுக்கப் பழகினோம். மறைக்கவில்லை, ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

5. நாளிதழ் ஆசிரியரை நேரில் பார்த்தேன். நல்ல மனிதர்; நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “நடந்ததைத்தானே போட்டோம் டீச்சர்? நாங்களா கதை கட்டினோம்?” என்றார். “பாதியைப் போட்டீங்க தம்பி” என்றேன். தேநீர் வரவழைத்தார். தேர்வு முடிவு வெளியாகும் வெள்ளியன்று அதே படத்துடன் சிறப்புப் பக்கம் வரும் என்ற அறிவிப்பு மட்டும் நிற்கிறது.

6. அதை நிறுத்த ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் உதவி எண்ணையும் மருத்துவரின் யோசனையையும் போடட்டும். தேர்வில் தவறிப் பின் தேறியவர்களின் கதை வேண்டுமானால் நான் தருகிறேன். எனக்குப் பல் கட்டிய மருத்துவர் என் பாடத்திலேயே இருமுறை தவறியவர். பல் ஆடாமல் இருக்கிறது.

வீட்டில் பத்திரிகையை நிறுத்தலாமே என்று தாங்கள் கேட்கலாம். நிறுத்திவிட்டோம். ஆனால் மதிப்பெண் பார்க்க என் தங்கை மகள் பள்ளிக்குப் போக வேண்டும். வழியில் மூன்று கடைகள். மூன்றின் வாசலிலும் முதல் பக்கம் தொங்கும். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் ஆணை வர வேண்டுகிறேன்.

நாள்: திங்கள், மே 6
இடம்: மேற்கண்ட முகவரி

பணிவுடன்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை