பெட்ரோலுக்கு வெட்டிய ரப்பர் வளையம்

மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தால் தேங்காயெண்ணெயைத் தேய்த்துவிட்டுக் கழுவச் சொல்லியிருப்பீர்கள். வேண்டாம், இன்றைக்கு ஒருநாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

குவைத்துக்குப் போய் வந்தவர்கள் எல்லாரும் மாடி வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள். என் புருஷனான நீங்கள் பதினெட்டு வருடம் ஏசி பழுது பார்த்துவிட்டு வந்து, கொச்சியில் யாரோ கழித்துவிட்ட சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு சுசீந்திரத்தில் வந்து இறங்கினீர்கள்! இரண்டே சீட்டு. தெருவே கூடி நின்று பார்த்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "மக லீவுக்கு வந்தா எங்க இருப்பா, டிக்கியிலயா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "அவதான் ஹாஸ்டலுக்குப் போயாச்சே. இனி நம்ம ரெண்டு பேருதானட்டி."

வேகத்துக்கென்றே செய்த காராம். நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் வயிறு உரசும். கனம் குறைய நான் இறங்கி நடந்து, அந்தப் பக்கம் போய் நின்று, "இடப்பக்கமா ஒடிங்க, இன்னும் கொஞ்சம், வாங்க வாங்க" என்று கை காட்ட வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அறுப்பு முடிந்தால் வயல் எலிகள் எல்லாம் என்ஜினுக்குள் குடி வந்து வயரைக் கடித்து வைக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பீர்கள், நான் உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஜாக்கெட் தைத்துக்கொண்டே, "என்ஜின் சத்தத்துல நாலு அடியில ஒண்ணு விட்டுப் போவுது, கேக்கல்லியா?" என்று உள்ளேயிருந்து கத்தினேன். கரிக் கையோடு ஓடி வந்தீர்கள். "எதுட்டி?" "அது எனக்கெப்படித் தெரியும்? சத்தம் விட்டு விட்டு வருது." என்ஜினை ஓடவிட்டபடியே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினீர்கள். முதலாவதைப் பிடுங்கியதும் என்ஜின் தள்ளாடியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கியபோது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "செத்துக் கெடக்கது இதாக்கும்" என்று அந்தப் பிளக்கை மாற்றினீர்கள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்ததே இல்லை. "உன் காது வேணும், வாட்டி" என்பீர்கள். அதுவரை ஒரு இயந்திரத்தைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? காட்டிக்கொள்ளத்தான் இல்லை.

அந்தப் பெருமைதான் பிறகு ஆளைக் கவிழ்த்தது. குலசேகரத்தில் என் தம்பியின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கார்புரேட்டரைத் துடைக்கக் கழற்றினோம். பெட்ரோல் குழாய் வந்து சேரும் இடத்தில் இருந்த வாஷர் கிழிந்துவிட்டது. புதுசு கொச்சியிலிருந்து வர வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றீர்கள். நான் விடவில்லை. மிஷின் ஆடாமலிருக்க அதன் காலுக்குக் கீழே வைத்திருந்த ரப்பர் ஷீட்டை உருவி எடுத்தேன், என் பிறந்த வீட்டுத் தோட்டத்து ரப்பர்.

"இது பெட்ரோலுக்குத் தாங்குமாட்டி?"

"ரப்பர் தோட்டத்துல வளந்தவ நான். என்கிட்டயா கேக்கிய?"

சாக்கட்டியால் வட்டம் போட்டு, தையல் கத்தரிக்கோலால் வெட்டினேன். மாட்டிப் பார்த்தால் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. "கெட்டிக்காரி" என்று நீங்கள் சொன்னதில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தக்கலை தாண்டி ஏற்றத்தில் பெட்ரோல் வாடை அடித்தது. சட்டென்று ஓரம்கட்டிச் சாவியை உருவினீர்கள். "இறங்கு! தள்ளிப் போய் நில்லு!" நீங்கள் அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பானெட்டைத் திறந்தால், கொதிக்கிற புகைக்குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் நாம் இரண்டு பேரும் இல்லை.

தம்பி ஜீப்பில் வந்து கயிறு கட்டி இழுத்துப் போனான். பந்தலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, அவனே கழற்றினான். வளையம் பெட்ரோலைக் குடித்து, ஊதி, நுங்கு மாதிரி கொழகொழத்துக் கிடந்தது.

"ஐயோ, பெட்ரோலுக்கு யாராவது ரப்பர் ஷீட்ட வைப்பாவளா? பெட்ரோல்ல ரப்பரக் கரைச்சுத்தானே பஞ்சர் ஒட்டுத சொலுஷனே செய்யுது! யாரு செஞ்ச வேலை இது?"

அது எனக்குத் தெரியாததா? சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். கெட்டிக்காரத்தனத்தில் மறந்து தொலைத்தேன். வாயைத் திறப்பதற்குள் நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நான்தான் மக்கா வெட்டினேன். உங்க அக்கா வேண்டாம்னுதான் சொன்னா, நான் கேக்கல்ல."

பந்தல் முழுக்கச் சிரித்தது. அன்று விழுந்த பெயர், 'சொலுஷன் அத்தான்.' அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் தம்பி அந்தக் கதையை எடுப்பான், நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். "ஏன் அப்படிச் சொன்னிய?" என்று தனியாகக் கேட்டதற்கு, "விடுட்டி. வாஷர் வந்தாச்சு, வந்து மாட்டு" என்றீர்கள். மாட்டினேன். அதற்குப் பிறகு பிரேக்கும் கிளட்சும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்!

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

போன வாரம் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரிடம், "எங்க அத்தான் ஒருத்தர் இருந்தாவ, பெட்ரோலுக்கு ரப்பர் வச்சவரு" என்று தம்பி ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை. யாரென்றே தெரியாதவர்கள் உங்களை நினைத்துச் சிரிப்பதா? எழுந்து நின்று, "அத வெட்டினது நான். தாங்குமான்னு அவரு கேட்டதுக்கு, நான்தான் பெரிய இவ மாதிரி வெட்டினேன்" என்று சொல்லிவிட்டேன்.

கை கழுவுகிற இடத்தில் தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. ஊறிப் போயும் வட்டம் கெடல்ல. அத்தானுக்கு ஒரு பேப்பர நேரா வெட்ட வராது. தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். 'வெளிய சொல்லாத மக்கா. இன்னைக்கு எல்லாரும் அவளப் பாத்துச் சிரிச்சா, அவ இனிமே வண்டியத் தொடமாட்டா. அவ இல்லாம எனக்கு இதுல என்ன இருக்கு'ன்னாவ."

"பின்ன ஏம்ல இத்தனை வருசமாச் சொல்லிச் சிரிச்ச?"

"அத்தான்தான் சொல்லச் சொல்லுவாவ. நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வந்துருமாம்."

அங்கேயே நின்று அழுதேன். நான் தொடமாட்டேன் என்று பயந்தல்லவா அந்தப் பெயரைச் சுமந்தீர்கள்? நானோ இரண்டு வருடமாகத் தொடாமலே இருந்துவிட்டேன்.

இன்று காலை தார்ப்பாயை விலக்கி, கார்புரேட்டரை நானே கழற்றினேன். பழைய பெட்ரோல் பிசினாக ஒட்டிக் கிடந்தது. ஒரு திருகை ஒடித்தும் விட்டேன். அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள்; செய்கிற வேலையைச் சொன்னேன்.

"அம்மா, தனியா என்னத்துக்கு இந்த வேலை? தப்பாயிட்டுன்னா என்ன செய்வ?"

"ஆகட்டும். நான் பயப்படாமத் தப்புப் பண்ணட்டும்னுதான் உங்கப்பா அத்தனை வருசம் ஊர்ச் சிரிப்ப வாங்கினாவ" என்றேன்.