நீ வைக்க மறந்த புள்ளி

இன்று மதியம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் விடுப்பு விண்ணப்பங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எனக்குப் பல வலிப்பதால் பள்ளிக்கு வர இயலவில்லை.' பல்லுக்குப் புள்ளி வைக்காமல் விட்டுவிட்டாள். எனக்குந்தான் பல வலிக்கிறது தாயே என்று முணுமுணுத்துக்கொண்டு, சிவப்பு மையால் லகரத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தேன். வைத்த கையோடு உன் நினைப்பு வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பொறவு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உன் தமிழும் இப்படித்தான் இருக்கும். ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறும் எனக்கு ஜன்னலோரம் இடம்பிடித்து வைப்பாயே, அந்தக் கல்லூரி நாட்களிலேயே பார்த்திருக்கிறேன். 'நான நாளை வர மாட்டேன' என்று துண்டுச் சீட்டு கொடுத்தனுப்புவாய். தமிழ் இலக்கியம் படித்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏட்டி, ஒரு புள்ளி வச்சா கையா ஒடிஞ்சுபோகும் என்பேன். நீ அசர மாட்டாய். "ஏமே, எங்க வீட்டுத் தெலுங்குல எந்த வார்த்தையும் உங்களை மாதிரி வாயை மூடிக்கிட்டு முடியாது. உங்களுக்குப் பால், எங்களுக்குப் பாலு. இதுல நான் எங்கே போய்ப் புள்ளி வைக்க?" நானே பேனாவை எடுத்துப் புள்ளி வைப்பேன்.

அப்படிப்பட்டவள் மதுரையில் பெரிய ஆராய்ச்சிக்காரி ஆகி, ஒரு புள்ளிக்குப் பின்னாலேயே வாழ்க்கை முழுக்க ஓடினாய் என்பதை நினைத்தால் இப்போதும் வேடிக்கையாக இருக்கிறது. பெண்களுக்கான புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றில் பேச உன்னை ராஜபாளையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஞ்சாலைக்கும் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கும் போகிற பெண்கள் வருவார்கள், நான் ஆராய்கிற சங்கதிக்கு அவர்களுக்கு ஏற்ற மாதிரி தமிழில் ஒரு சொல் கொடு என்று என் வீட்டுக்கு வந்து நின்றாய்.

எனக்கே முதலில் விளங்கவில்லை. நீ பொறுமையாகச் சொன்னாய். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டிச் சங்கிலிகள் இருக்கின்றன, இருபத்துச் சொச்சம் எழுத்துதான் அவற்றின் நீளம். செல்லைப் பெருகச் சொல்லும் கட்டளைகளை வழியிலேயே பிடித்து 'போதும், நிறுத்து' என்பது அவற்றில் சிலவற்றின் வேலை. புற்றுக் கட்டிக்குள் எண்ணிப் பார்த்தால் அவை குறையாமலே இருக்கும். ஆனால் ஏதோ ஓர் எழுத்தின் மேல் மெத்தில் என்ற துளி வேதிப்பொருள் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு அந்தச் சங்கிலி சரியாக வேலை செய்யாது. "ஆளு ஷிப்டுக்கு வந்திருக்கா, கையெழுத்தும் போட்டிருக்கா. ஆனா தறி ஓடலை" என்றாய்.

"எழுத்து அதேதான், மேல ஒட்டுனதுதான் வேற. அப்படித்தானட்டி?" என்று கேட்டேன். தலையாட்டினாய். "அப்ப அது புள்ளி." நீ என்னை முறைத்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். வாழ்நாளெல்லாம் வைக்காத புள்ளி வட்டியோடு வந்து நிற்கிறது என்றாய்.

நான் அதோடு விடவில்லை. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று வைக்காமலே விடுவார்கள், முன்பின் இருக்கும் சொல்லைப் பார்த்துத்தான் பல்லா பலவா என்று வாசிக்கிறவர் முடிவு செய்ய வேண்டும் என்று சொன்னேன். உன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "இங்கேயும் அதே கதைதான். ஒரு கட்டியில கெடுதல் பண்ற புள்ளி இன்னொரு கட்டியில நல்லது பண்ற மாதிரி தெரியுது. புள்ளியை மட்டும் பார்த்து வார்த்தையைச் சொல்ல முடியாதுமே." இரவுச் சாப்பாட்டையும் மறந்து அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

கூட்டத்தில் நன்றாகப் பேசினாய். ஒருநாள் இந்தப் புள்ளிகளைப் படித்தே யாருக்கு எந்த மருந்து வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்று முடித்தாய். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டினேன்.

அடுத்த வருஷமே என் மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்ததும் கீமோ கட்டாயம் வேண்டும் என்றார் டாக்டர். என் சித்தி அந்த மருந்தில் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். செத்தாலும் போக மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். உன்னைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ என்னைப் பார்க்க வந்தபோது அடுக்களையில் வைத்துக் கேட்டேன். "என் கட்டித் துண்டை உன் லேபுக்குக் கொண்டு போ. புள்ளி இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு. இல்லைன்னா நான் கீமோவுக்குப் போகலை."

"பார்க்கலாம். ஆனா இருந்தா உனக்கு என்ன ஆகும், இல்லாட்டி என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது."

"மண்டபத்துல அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னியே."

"ஒருநாள்னு சொன்னேன். இன்னிக்குன்னு சொன்னேனா?"

"அப்ப எதுக்குட்டி இம்புட்டு வருஷம் படிச்சே?"

"இதைத் தெரிஞ்சுக்கத்தான். இன்னும் தெரியலை. டாக்டர் சொல்ற மருந்து எத்தனையோ பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. அதுக்குப் போ. நானும் கூட வாரேன்."

எனக்கு வந்த கோபத்தில் உன்னை வெளியே போகச் சொன்னேன். நீ போகவில்லை. பொங்க இருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாய். உன் வேலையின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்து ஒருத்தி வந்து நின்றால் வேறு யாராக இருந்தாலும் கொஞ்சமாவது குளிர்ந்துபோயிருப்பார்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். நீ சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்பேன். இன்று இந்த மடலை எழுத ஆள் இருந்திருக்காது.

சொன்ன மாதிரியே ஒவ்வொரு முறையும் கூட வந்தாய். மருந்து ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப் பழகிக்கொள்கிறேன் என்று செய்தித்தாள் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தாய். முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது, எல்லாம் திரும்பி வந்தது. போக வேண்டியவள் நான் என்று ஊரே நினைத்திருக்க, ஒரு காலை லேபுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். எனக்கு உன் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

சொல்ல வந்தது இதுதான். எங்கள் பள்ளியில் சத்துணவு பார்க்கும் பெண் ஒருத்தி, மகாராஜபுரத்துக்காரி, போன வாரம் என்னிடம் வந்தாள். எனக்கு வந்ததேதான் அவளுக்கும். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியும். "டீச்சர், உங்க சிநேகிதி அவிய ஏதோ கண்டுபிடிச்சாங்களாமே. அதை வச்சுப் பார்த்தா எனக்குக் கீமோ வேண்டாம்னு ஆகிப்போகும்தானே?" என்று கேட்டாள். இடுப்பில் குழந்தை இருந்தது.

உன் பேரைச் சொல்லி அவளுக்கு நல்லதாக ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு எப்படித் துடித்தது தெரியுமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "எனக்குத் தெரியாதும்மா. அவளுக்கும் தெரியாது. நீ டாக்டர் சொல்றதைக் கேளு, நானும் கூட வாரேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போகிறோம்.

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். இத்தனைக்கும் அவள் எனக்கு வெறும் பழக்கக்காரிதான். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னபோது உன் குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லையேடி.