ஐஸ் ஆலைக்கு அடுத்த வீட்டு வானொலி

என் அன்பு மாமிக்கு, நீங்கள் "புள்ள" என்று ஒரு குரல் கொடுத்தால் குசினியிலிருந்து ஓடிவந்த மருமகள் எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தாகி, எங்களை விட்டுப்போய் ஒரு வருடமாகிறது. உங்கள் மகன் கப்பல் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். பக்கத்து ஐஸ் ஆலை இன்னும் அதே உறுமல்தான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் மாமி. அதற்கு முன் அந்த வானொலிக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகள் பிறந்து இருபது நாள். நாற்பது நாள் கழியாமல் நான் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. அப்போது கப்பலிலிருந்து உங்கள் மகன் உங்களுக்கு எழுதிய காகிதம் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்பில் அவருடைய வாழ்த்தை வாசிப்பார்களாம். காகிதத்தில் என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. பிள்ளையைப் பெற்றுக்கொடுத்த எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வாழ்த்திலாவது என் பெயர் வருமா என்று கிடந்து தவித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

வீட்டில் வானொலி இல்லை. உங்கள் தம்பி கரீம் மாமா கிண்ணியாவிலிருந்து வந்து, சரிவராவிட்டால் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு, கடையிலிருந்து ஒரு பெரிய மின்சார வானொலியைத் தூக்கி வந்தார். "கம்பி எவ்வளவு நீளமோ, எவ்வளவு உசரமோ, அவ்வளவுக்கு உலகம் உள்ளுக்கு வரும் ராத்தா" என்று ஏரியல் கம்பியைக் கூரை நெடுக இழுத்து, நுனியை ஐஸ் ஆலைப் பக்கக் கம்பத்தில் கட்டினார். குமிழைத் திருப்பினால் கர்ரென்று ஒரே இரைச்சல்.

நீங்கள் கதிரையில் இருந்தபடியே சொன்னீர்கள்: "உலகம் வரல்ல தம்பி, ஐஸ் ஆலைதான் வந்திருக்கு."

மறுநாள் பெரியதைத் திருப்பி அனுப்பி, பற்றரியில் வேலை செய்யும் சின்ன வானொலியை எடுப்பித்தீர்கள். கரண்ட் வயர் வழியாகவே பாதி இரைச்சல் வருகிறது என்பதை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ! பிறகு அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வளவு முழுக்க நடந்தீர்கள். மதிலோரம், மீற்றர்ப் பலகையடி, கிணற்றடி. நான் ஜன்னலால் பார்த்துச் சிரித்தேன். "சிரிக்காத புள்ள. நான் பாட்டுக் கேக்கல்ல, இரைச்சல் எங்க குறையுது எண்டு பாக்கிறன்" என்றீர்கள். அரிசியில் கல் பொறுக்குகிற அதே முகம்.

கடல் பக்கத்து மூலையில், தோணிகளை ஏற்றி வைக்கிற இடத்தில், இரைச்சல் அடங்கியது. வானொலியை அங்கே கொண்டுபோய்க் கேட்டிருக்கலாம். "அவளும் கேக்கணும். அவளால வர ஏலாது. வானொலி உள்ளுக்கு இருக்கட்டும், கம்பி வெளியில போகட்டும்" என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னீர்கள்.

அந்த மூலையில் இரண்டு தென்னைகளுக்கிடையே, கரண்ட் வயருக்குக் குறுக்காக, பன்னிரண்டு முழக் கம்பி மட்டும். அங்கிருந்து என் அறை வரைக்கும், மேலே கம்பி வலை பின்னிய தடித்த வயர். துறைமுகத்துக் கழிவுச் சாமான் விற்கிற பழைய இரும்புக் கடையில் நீங்களே தேடி எடுத்தது. வழியில் பிடிக்கிற இரைச்சல் மண்ணுக்குள் போகட்டும் என்று, அந்த வலையை மூலையிலேயே ஈர மண்ணில் அடித்த செப்புக் குழாயோடு கட்டுவித்தீர்கள். வயரின் இந்த நுனியை வானொலியில் மாட்டி, அதன் சொந்தக் கம்பியை உள்ளே தள்ளிவிட்டுக் குமிழைத் திருப்பினீர்கள். யா அல்லாஹ்! தெளிவான தமிழ்! கரீம் மாமா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆலை உறுமிக்கொண்டிருந்தது, வானொலிக் குரல் கலங்கவில்லை. "அடுத்து, திருகோணமலைக்கு..." என்று தொடங்கியதுதான், உங்கள் பேத்தி வீரிட்டாள் பாருங்கள்! ஐஸ் ஆலையை அடக்கிய உங்களுக்கு அவளை அடக்க ஏலவில்லை. நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்க, நீங்கள் காதை வானொலியோடு ஒட்டிவைத்துக் கேட்டு முடித்தீர்கள்.

"என்ன சொன்னாங்க மாமி?"

"உன்ட பேரை மூணு தரம் சொல்லிச் சலாம் சொல்லியிருக்கான் புள்ள."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் அவருக்காகக் காத்திருந்தேன், தெரியுமா?

போன மாதம் சும்மா பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன். "உன்ட பேரா? பொஞ்சாதிட பேரை ஊர் கேக்கச் சொல்லுவாங்களா? வெட்கமில்லையா? உம்மாவுக்குச் சலாம் எண்டுதான் எழுதினனான்" என்கிறார். அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழுதேன், பிறகு சிரித்தேன். எப்படி மாமி, கண் இமைக்காமல் அப்படி ஒரு பொய் சொன்னீர்கள்? உங்களுக்கு வந்த சலாத்தை முழுசாகத் தூக்கி எனக்குத் தந்துவிட்டீர்களே.

நேற்றுக் காற்றில் கம்பி அறுந்தது. அவர் தென்னையில் ஏறிக் கட்டினார். நான் உள்ளே வானொலியடியில். "இஞ்ச... இஞ்ச பாரு" என்று கூப்பிட்டிருக்கிறார். ஆலை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பொறுமை போய், தோணிக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்க்க, மரத்திலிருந்து கத்தினார்:

"ஜெமீலா! ஜெமீலா! ஜெமீலா! கேக்குதா?"

ஓம், கேட்டது மாமி. மூன்று தரம்.

அந்தக் கம்பியை விழவிடமாட்டேன். உங்கள் பேத்தி கேட்டால், அன்றைக்கு வானொலியிலும் வாப்பா அப்படித்தான் சொன்னார் என்றே சொல்லுவேன்.

உங்கள் மருமகள்,
ஜெமீலா