அணைத்தும் அணையாத பல்ப்

ஒக்டோபர் 5, சனி

புது வீட்டுக்கு வந்து இன்றோடு மூன்று மாதம். அல்ஹம்துலில்லாஹ், கூரை ஒழுகவில்லை. ஜன்னலுக்கு இன்னும் கண்ணாடி இல்லை, தகரம் அடித்திருக்கிறோம். அதனால் அறை பகலிலும் இருட்டு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு, சுவிட்சை அணைத்துப் படுத்தேன். சீலிங் எல்இடி பல்ப் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. இரண்டு தரம் எழும்பிச் சுவிட்சைத் தட்டினேன். அப்படியேதான்.

கரண்ட் எங்களுடையது இல்லை. மீட்டர் வரும்வரை என் வாப்பா வீட்டிலிருந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான வளவுக்குக் குறுக்கே வயர் இழுத்து, அங்கே பிளக்கில் குத்தியிருக்கிறோம். அதுவும் வெங்காயத் தோட்டத்து மோட்டரின் பழைய வயர். நானும் இவரும் தனியாக வந்தது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "போறவங்க போங்க" என்றவர், இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை. கதை பேச்சு இல்லை, கரண்ட் மட்டும் உண்டு.

ஒக்டோபர் 9, புதன்

இவர் பாலாவிக் கடையிலிருந்து புது பல்ப் வாங்கி வந்து மாட்டினார். அதற்கும் அதே குணம்.

ஒக்டோபர் 11, வெள்ளி

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இடி, மின்னல். நடுவில் கரண்ட் போனது. எங்களுக்கு மட்டும்! வாப்பா வீட்டு வாசல் விளக்கு ஜம்மென்று எரிகிறது. மழை விட்ட பிறகுதான் எங்களுக்கு வந்தது.

ஒக்டோபர் 12, சனி

பல்ப் இன்று ஒழுங்காக அணைந்தது. தானாகத் திருந்திவிட்டதோ?

ஒக்டோபர் 17, வியாழன்

திரும்பவும் இடி. திரும்பவும் எங்களுக்கு மட்டும் இருட்டு. வாப்பாதான் நிறுத்துகிறார், வேறு யார்? அப்படி என்ன கோபம்? நான் என்ன ஊர விட்டா போயிட்டன்? கூப்பிட்டா கேக்கிற தூரம்தானே! அழுகை வந்துவிட்டது. போய்க் கேட்கிறேன் என்று எழும்பினேன். இவர் விடவில்லை.

"வேணாம் நப்லா. இவ்வளவு நாளும் தந்தாரே, அதுக்கு நன்றியா இருப்பம்."

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. அணைத்துப் பார்த்தேன். அந்த மங்கல் வெளிச்சமும் கூடவே வந்திருக்கிறது.

ஒக்டோபர் 20, ஞாயிறு

பல்ப் மாட்டும் இடம் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும், சுரண்டினால் சரியாகும் என்று இவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதிரையில் ஏறினார். கையில் ஸ்க்ரூ டிரைவர். நான் கீழே நின்று பல்ப்பையே பார்த்தேன். எரிகிறது. "இறங்குங்க! கரண்ட் இல்லாம அது எப்பிடி எரியும்?" என்று கத்திவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

வயரிங் செய்யும் நௌஃபர் பாஸ் வந்து பல்ப் மாட்டும் இடத்தில் டெஸ்டர் வைத்தார். டெஸ்டரின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. "நல்ல நேரம் தொடல்ல. சுவிட்ச் ஓஃப்லயும் முழுக் கரண்டும் இங்கதான் நிக்குது" என்றார். ஒன்பதாம் திகதி பல்ப் மாற்றிய கை! அல்லாஹ் காப்பாற்றினான்.

சில நாள் ஒழுங்காக அணைந்துவிடும் என்றேன். எந்தெந்த நாள் என்று கேட்டார். இந்தக் கொப்பியைத்தான் எடுத்து வாசித்தேன். வாசிக்கும்போதே விளங்கியது. மாறியதெல்லாம் இடி இடித்த பிறகுதான்.

மூவரும் வாப்பா வீட்டுக்குப் போனோம். உம்மா மட்டும் இருந்தார். எங்கள் வயரின் நுனியில் ரெண்டு பின் பிளக், எந்தப் பக்கமும் திருப்பிக் குத்தலாம். "ஒரு பக்கமா குத்தினா சுவிட்ச் கரண்ட வெட்டும். மாத்திக் குத்தினா வெட்டாது, கரண்ட் பல்ப்பிலயே நிக்கும். யாரு இத அடிக்கடி கழட்டுற?" என்றார் பாஸ்.

"உங்க வாப்பாதான்" என்றார் உம்மா. "இடி கேட்டா போதும், தோட்டத்தில நிண்டாலும் நனைஞ்சிக்கிட்டு ஓடி வருவாரு. முதல்ல கழட்டுறது புள்ளட பிளக், மின்னல் வயரால போயிரும் எண்டு. எங்கட டிவியெல்லாம் பிறகுதான்."

பதினேழாம் திகதி எழுதியதை இப்போது திரும்ப வாசிக்க வெட்கமாக இருக்கிறது. கிழிக்கமாட்டேன், இருக்கட்டும்.

பாஸ் ஒரு பக்கமாக மட்டுமே போகும் மூன்று பின் பிளக்கைப் பூட்டினார். "மாமாக்கிட்ட வேறொண்டும் சொல்லாதீங்க, கேட்டா மனசு உடைஞ்சிருவாரு. பழையது லூஸ் எண்டு சொல்லுங்க" என்று இவர் உம்மாவிடம் கேட்டுக்கொண்டார். இப்படி ஒரு மனுசனைத் தந்ததற்கும் அல்ஹம்துலில்லாஹ்.

ஒக்டோபர் 21, திங்கள்

அணைத்தால் அணைகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

மூன்று மணிக்கு வானம் இருண்டு முதல் இடி. உடனே கரண்ட் போனது. நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். மழை கொஞ்சம் குறைந்ததும் குடையோடு போனேன். வாப்பா தலை துவட்டாமல், புது பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கன். வாங்க வாப்பா."

"இடி நிக்கட்டும். இதப் போட்டுட்டு..."

"உம்மா போடுவா."

உம்மாவைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். பிறகு குடைக்குள் வந்தார்.

இவர் கதிரையை இழுத்துப் போட்டார். மூன்று பேரும் இருட்டில் இருந்து குடித்தோம். வாப்பா ஜன்னல் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குக் கண்ணாடி போடணும், மருமகன்" என்றார். இவர் "ஓம் மாமா" என்றார். நான்கு மாதத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

மழை விட்டது. உம்மா அங்கே பிளக்கைக் குத்தியிருக்க வேண்டும், பல்ப் எரிந்தது. வாப்பா எழும்பவில்லை. இன்னொரு தேத்தண்ணி கேட்டார்.