மயக்க மருத்துவர் கேட்டது

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து மாமல்லபுரம் வந்து சேர நான்கு மணி ஆகிவிட்டது. என் பிள்ளை ஹரியை இன்று மயக்க மருத்துவர் பார்த்தார். ஷாரோன் என்று பெயர். சுற்றி வளைக்காமல் பேசுகிறார், எனக்குப் பிடித்தது.

மாற்று இதயம் கிடைத்து அறுவை நடக்கும்போது, விரல் தடிமனில் ஒரு குழாயை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்குவார்களாம். அதன் நுனியில் அல்ட்ராசவுண்டு. உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னாலேயே ஓடுவதால் திரையில் எல்லாம் தெரியுமாம். புது இதயத்தில் காற்றுக் குமிழி தங்கியிருக்கிறதா, வலது பக்கம் திணறுகிறதா, தையல் சரியா என்று.

"விழுங்கறதுல கஷ்டம் உண்டா? சின்ன வயசுல உணவுக்குழாய்ல புண், காயம் ஏதாவது?"

ஹரி இல்லை என்றான். மருமகள் ஸ்வாதி சிரித்தாள். "விழுங்கறதுல இல்ல டாக்டர், மெல்றதுல! ஒரு தோசைக்கு முக்கால் மணி நேரம். அத்தை கான்வென்ட்ல படிச்சவங்க, பிள்ளையையும் அப்படியே வளர்த்துட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"ஒன்றும் கிடையாது" என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 6, வெள்ளி

நாற்பது வருடமாக எங்கும் எழுதாததை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. அடைப்பை அரித்தெடுக்கும் காரச்சோடாவைக் கரைத்து, கையில் கிடைத்த கண்ணாடி டம்ளரில் மேடையோரம் வைத்தேன். வாசலில் மாதர் சங்கத்திலிருந்து யாரோ வந்தார்கள். பேசப் போனேன். ஐந்து நிமிடம். ஹரிக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு வாய் குடித்துவிட்டான்.

செங்கல்பட்டில் எட்டு முறை, வெந்து சுருங்கிய உணவுக்குழாயை விரித்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் டான்சில் என்றேன். வளர்ந்த பிறகு ஹரியிடமும் அதைத்தான் சொன்னேன். "பொய் எதுக்கு, ராஜம்?" என்று ஹரியின் அப்பா ஒரே ஒரு முறை கேட்டார். காலனி முழுக்க என்னைப் பேசும் என்றேன். அதன் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சாகும்வரை.

பிள்ளைக்குச் சோறு சிக்கிக்கொள்ளும். அதனால் மெதுவாக மெல்லப் பழக்கினேன். அதற்கு நாகரிகம் என்று பெயரும் வைத்தேன்.

ஒப்புதல் படிவத்தை மூன்று முறை படித்தேன். உணவுக்குழாய் கிழிய வாய்ப்பு மிகக் குறைவு என்று போட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு. தழும்பேறிய உணவுக்குழாயில் அந்தக் குழாய் இறங்கினால்? என் பிள்ளையை — போதும்.

நாளை சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 7, சனி

சொல்லவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வீட்டு வேலைக்கு வரும் மேரி தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னாம்மா, மூணு நாளா சோறு அப்டியே கீது? புள்ளைக்கு நோவுன்னா நீ பட்டினி கெடப்பியா? அப்பால ரெண்டு பேரையும் ஒரே பெட்டுல போட்டுடுவாங்க, பாத்துக்கோ."

சிரிக்க முயன்றேன். உள்ளே ஹரி நான்கு அடி நடந்து, மூச்சு வாங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன் அடிக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன். இதயம் கிடைக்க வேண்டும். இன்று கிடைக்கக் கூடாது. இப்படி நினைப்பவள் ஒரு தாயா?

பிப்ரவரி 11, புதன். ஆஸ்பத்திரியில்

காலை பத்தே முக்காலுக்கு அழைப்பு வந்தது. ஸ்வாதி கார் ஓட்டினாள். ஹரி முன் இருக்கையில் சாய்ந்திருந்தான், நான் பின்னால். நெம்மேலி தாண்டும்போது சொல்லிவிட்டேன். டம்ளர், ஐந்து நிமிடம், எட்டு முறை, எல்லாவற்றையும்.

ஸ்வாதி காரை ஓரம் கட்டினாள். "எட்டு நாள் இருந்துச்சே அத்தை. எட்டு நாள்!"

ஹரி திரும்பவில்லை. "அப்போ டான்சில் இல்லையாம்மா?"



ஸ்வாதி டாக்டரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஷாரோன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "கடைசியா எப்போ விரிச்சாங்க? சரி. வாய் வழியா போட மாட்டோம். நெஞ்சைத் திறந்ததும் உறை போட்ட அல்ட்ராசவுண்டு ப்ரோப்பை இதயத்து மேலேயே வெச்சுப் பார்க்கலாம். அது வேற தியேட்டர்ல இருக்கு, இப்பவே சொல்லி வெக்கணும். வைங்க."

அந்த 'இப்பவே' இன்னும் காதில் கேட்கிறது.

உள்ளே கொண்டுபோய் ஐந்து மணி நேரமாகிறது. இந்த முறையில் தொடர்ந்து பார்க்க முடியாதாம். சர்ஜன் கை ஒழியும்போதுதான் பார்க்க முடியுமாம். நடு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுபோல. அந்தக் கண்ணை மூடியது நான். கான்வென்ட்டில் ஜெபமாலையை உருட்டிய சிஸ்டர்களின் நினைவு வருகிறது. எனக்கு எந்தப் பிரார்த்தனையும் முழுதாக வரவில்லை.

ஏழு மணிக்கு ஷாரோன் வந்தார். இடது பக்கம் காற்றுக் குமிழிகள் தெரிந்தனவாம். வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு போனார்களாம். வலது பக்கம் சோர்ந்திருக்கிறது, மருந்து ஓடுகிறது. "நாளைக்கு வரைக்கும் எதுவும் சொல்ல முடியாதும்மா."

பிப்ரவரி 12, வியாழன்

இதயம் ஓடுகிறது. ஹரி இன்னும் கண் திறக்கவில்லை. ஸ்வாதி மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 5, வியாழன்

ஹரியை வீட்டுக்கு அனுப்பும் முன் இன்று மார்பின் மேல் கருவியை வைத்து எக்கோ எடுத்தார்கள். "பாரும்மா" என்று திரையைக் காட்டினான். பெயர் தெரியாத யாரோ ஒருவரின் பிள்ளையுடைய இதயம். சீராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் பார்க்க முடியவில்லை.

பிறகு ஒரு புதுப் படிவம் கொடுத்தார்கள். ஸ்வாதி பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு வந்து, முந்தைய நோய்கள், காயங்கள் என்ற இடத்தில் நிறுத்தினாள். இந்த மூன்று வாரமாக அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

"வேற ஏதாவது இருக்கா அத்தை?"

"இல்லை."

அன்று டாக்டரிடமும் இதே நிதானத்தோடுதான் சொல்லியிருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே எழுதுங்க."

எழுதினேன். எந்த வருடம், என்ன குடித்தான், அதை அங்கே வைத்தது யார் என்று. கோடு போட்ட இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினேன். ஸ்வாதி கடைசி வரி வரை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.