புதுக் கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது

06.02.2001, வவுனியா
எங்கள் நிவாரண நிறுவனத்தின் மூன்று கொம்பியூட்டர்களும் கிழடாம். திருத்துவதா, மாற்றுவதா என்று பணிப்பாளர் மயில்வாகனம் சேர் இன்று ஒன்றரை மணி நேரம் பேசினார். மனிதர் அவற்றில் ஒரு எழுத்துக்கூடத் தட்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து விரலால் தூசு பார்ப்பதோடு சரி. மெமரி கொஞ்சம் கூட்டினால் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றான் திருத்துகிற பாலன். கேட்க ஆளில்லை.

14.02
புதிதுதான். மார்ச்சில் வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள். பழையதைக் கண்டால் மானம் போய்விடுமாம். அகதி முகாம் சனம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடப்பதைக் கண்டால் போகாத மானம்!
தமிழ் எழுத்துருவைத் தனியாகப் போடவேண்டும் என்றேன். “ஏன் பிள்ளை, புதுக் கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாதோ?” என்றார் சேர். எல்லாரும் சிரித்தார்கள்.

27.02
புதியவை மூன்றும் வந்துவிட்டன. சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. பழையவை நேற்றே கொழும்புக் கடைக்குப் போய்விட்டன, தமிழ் எழுத்தும் அவற்றோடு. முகாமின் 318 குடும்பங்களின் நிவாரணப் பட்டியல் என் பிளொப்பியில் இருந்தது. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பை. சேர் இரண்டடி பின்வாங்கினார்.
“வைரஸ். நீர் அதை உடன அழியும்.”
இனிப் பழையது எதையும் புதியதில் போடக் கூடாதாம், பாலன் கொண்டுவரும் தமிழ் எழுத்தைக்கூட. வெள்ளிக்கிழமை பட்டியல் அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போகாவிட்டால் ஒரு மாத அரிசி இல்லை. இந்த மனுசனுக்கு என்ன, வீட்டில சோறு இருக்கு.

28.02
அழிக்கவில்லை. அழித்தேன் என்று பொய் சொன்னேன்.
சேர் வெளியே போன நேரம், முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருக்கும் புனிதமலர் அக்கா வந்தா. தன் பெயர் பட்டியலில் கிடக்கிறதா என்று கேட்டா. குப்பையைத் திறந்து தேடினேன். Gdpjkyu; — அட, இது அவாதானே! பு என்றால் G, ம என்றால் k. ஐந்து வருடம் அந்தச் சாவிகளைத் தட்டிய விரலுக்குத் தெரியாதா?
“இதுதான் அக்கா.”
கனநேரம் பார்த்தா. “எனக்கு இங்கிலிஸ் தெரியாது பிள்ளை. நீ சொன்னாச் சரி.”
அழுகை வந்துவிட்டது. உடனே ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பெயராக வாசித்து எழுதத் தொடங்கினேன்.

02.03
318. கொடுத்தாயிற்று. கை வீங்கிவிட்டது.

16.03
நேற்று முகாமுக்கு அரிசி வந்தது. இன்று விருந்தினர்கள். புதிய கொம்பியூட்டர்களால்தான் பட்டியல் நேரத்துக்கு முடிந்தது என்றார் சேர். கைதட்டினார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
“உம்மட கையெழுத்து வடிவு. அடுத்த மாதமும் கையாலயே எழுதும். அதுகளைத் தொட்டுப் பழுதாக்க வேண்டாம்.”
மூன்றுக்கும் உறை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். நான் வரும் வழியில் இரண்டு பேனை வாங்கினேன்.